பதினேழு சொச்சம்

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் குளிர்சாதனம் வைத்த அறைகள் இரண்டே இரண்டு. ஒன்று மேனேஜருடையது, இன்னொன்று கம்ப்யூட்டருடையது. கம்ப்யூட்டர் சூடாகக்கூடாது என்பதற்காக வைத்த குளிர் அது. பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்ததால் எனக்கும் குளிர்ந்தது. போர்வை மாதிரி ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வெளியே வேர்த்து விறுவிறுத்து நிற்பவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தப்பு செய்தவள் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ரேடியோவுக்கும் கேசட் பிளேயருக்கும் உள்ளே இருக்கும் சர்க்கியூட் போர்டுகளை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். பழுப்பு நிறப் பலகை, அதன் ஒரு பக்கத்தில் செம்புக் கோடுகள், கோடுகள் முடிகிற இடங்களில் வட்டமான செம்புப் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் ஒரு துளை. அந்தத் துளையில்தான் பாகங்களின் கால்கள் இறங்கும். துளை பொட்டின் நடுவில் விழ வேண்டும். விளிம்பில் விழுந்தால் போர்டு குப்பைக்குப் போகும். சுருக்கமாகச் சொன்னால் எங்கள் தொழிலே அவ்வளவுதான்.

முதல் இரண்டு வருஷம் நான் கையால் வரைந்தேன். கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கைப் போட்டு, தெளிந்த தாளின் மேல் மெல்லிய கறுப்பு டேப்பை ஒட்டி ஒட்டிக் கோடு இழுப்போம். கழுத்து வலி போகவே போகாது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. வெளிநாட்டில் விற்கிற மென்பொருளை வாங்க மேனேஜர் சம்மதிக்கவில்லை. "நீங்களே எழுதுங்கள்" என்று என்னையும் ஓர் இன்ஜினியரையும் அந்தக் குளிர் அறையில் தள்ளிவிட்டார். இன்ஜினியர் ஈப்போ சீனர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வீட்டில் அவருக்கு கான்டனீஸ், எனக்குத் தமிழ். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பாதி ஆங்கிலமும் பாதி மலாயும். எட்டு மாதத்தில் எழுதி முடித்தோம். நாங்கள் எழுதிய புரோகிராம் இரண்டு காரியம் செய்தது. செம்புக் கோடுகளும் பொட்டுகளும் எங்கே வரவேண்டும் என்று பிலிம் எடுப்பவர்களுக்குச் சொன்னது. துளைகள் எங்கே விழவேண்டும் என்று துளை மிஷினுக்குக் காகித நாடாவில் குத்திக் கொடுத்தது.

துளை மிஷினுக்கு முழு எண் மட்டும்தான் புரியும். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கை நாங்கள் 'தௌ' என்போம். மிஷின் தொண்ணூற்றெட்டு தௌ நகரும், தொண்ணூற்றொன்பது நகரும். இரண்டுக்கும் நடுவே இருப்பதைக் கேட்டால் முழிக்கும். அதனால் புரோகிராமில் ஒன்பதாயிரமாவது வரியில், சொச்சத்தைச் சரிக்கட்டும் ஒரு துண்டை இன்ஜினியர் எழுதினார். அதற்கு மேலே குறிப்பாக 'அகாக்' என்று மலாயில் ஒரு வார்த்தை.

எங்கள் ஊரில் அகாக் தெரியாத சமையலறை கிடையாது. "உப்ப அகாக் பண்ணிப் போடு" என்று என் அம்மா சொன்னால், கரண்டியும் வேண்டாம் தராசும் வேண்டாம், சரியான அளவுக்கு எது கிட்டத்தில் வருகிறதோ அதைப் போடு என்று அர்த்தம். அவர் எழுதியதும் அந்த அகாக்தான் என்று நான் நம்பினேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்று ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. தெரிந்த வார்த்தைதானே என்று இருந்துவிட்டேன்.

துளை மிஷினை ஓட்டியவர் ஓர் அக்கா. சொந்த அக்கா இல்லை. ஆனால் தாப்பாவுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். எழுபதுகளின் கடைசியில் அந்தத் தோட்டத்தை விற்று, மரத்தை எல்லாம் சாய்த்து, லயன் வீடுகளையும் இடித்தபோது, இரண்டு குடும்பமும் ஈப்போவுக்கு வந்து ஒரே வரிசையில் வீடு பிடித்தது. தோட்டத்தில் அக்கா மரம் சீவியவர். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரத்தில் காயம் விழுந்துவிடும். தனக்கு ஒதுக்கிய மர நிரையில் ஒரு மரத்திலும் காயம் கிடையாது என்று அக்கா சொல்லிக்கொள்வார். எங்கள் சூப்பர்வைசரை அவர் காதுபடவே 'தண்டல்' என்று கூப்பிட்டவரும் இவர்தான். தோட்டத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்கும் கங்காணிக்கு அந்தப் பெயர். சூப்பர்வைசரும் தமிழர்தான், தோட்டத்து ஆள்தான். அதனாலேயே அவருக்கு அது சுருக்கென்று தைக்கும்.

மூன்று பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் இரண்டு பின்களை இறுக்கி மேசையில் பூட்டி, நாடாவை மாட்டிப் பொத்தானை அழுத்துவது அக்காவின் வேலை. பின் தளர்ந்தால் பலகை நகரும். பலகை நகர்ந்தால் துளை பொட்டை விட்டு விலகும். இது எல்லாருக்கும் தெரிந்த கோளாறு. அதனால்தான் அந்த வாரம் ஜப்பான்காரர்களின் புதிய போர்டில் துளைகள் விலகியபோது, யாரும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அந்தப் போர்டில் இரண்டு நீளமான சாக்கெட்டுகள் இருந்தன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, அது தலைகீழாகத் திருப்பி வைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிசையில் முப்பத்திரண்டு கால்கள். முதல் துளை பொட்டின் நடு மையத்தில் இருந்தது. போகப் போக விலகி, கடைசித் துளை பொட்டின் விளிம்பைக் கடித்துக்கொண்டு நின்றது. சாக்கெட்டை அழுத்தினால் கால்கள் வளைந்தன, உள்ளே இறங்கவில்லை. ஒரு நாள் முழுக்க ஓடிய போர்டுகள் மொத்தமும் குப்பை.

வியாழக்கிழமை மேனேஜர் அறையில் கூட்டினார்கள். சூப்பர்வைசர் ஒரு போர்டை மேசையில் போட்டு, "பின் லூசு, பாஸ். இவங்களுக்கு வயசாச்சு, கவனம் இல்ல" என்றார். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "புரோகிராம் ஓகேயா?" என்று கேட்டார்.

"ஓகே" என்றேன்.

பார்க்கவில்லை, சோதிக்கவில்லை. எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்கூட இருந்தது. அந்தச் சாக்கெட்டின் கால்கள் மில்லிமீட்டர் கணக்கில் அமைந்தவை. நாங்கள் அதுவரை போட்டதெல்லாம் அங்குலக் கணக்கு. அந்தச் சந்தேகத்தை வாயில் வைத்துக்கொண்டே ஓகே என்று சொல்லிவிட்டேன். அன்று மத்தியானமே அக்காவை மிஷினிலிருந்து தூக்கி பேக்கிங் பகுதியில் நிறுத்தினார்கள். கையில் ஒரு கடிதமும் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை, தக்க பதில் இல்லையென்றால் வேலை இல்லை. அக்காவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. ஜெலாப்பாங்கில் எந்த வாசலில் போய் நின்றாலும் இருபது வயசுப் பெண்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் அவர் ஒருவர்தான். தோட்டத்துக்கே திரும்பிப் போய்விடலாம் என்றால் தோட்டமே இல்லை.

மறுநாள் சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடியில் ஒரு போர்டை வைத்தார். குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தது.

"பாரு லா. பின் லூசாயிருந்தா எல்லா ஓட்டையும் சேந்து நவுறணும். மொத ஓட்டை நடுவுல உக்காந்திருக்கு. கடைசி ஓட்டை மட்டும் ஏன் நவுந்துச்சு?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என்னிடம் பதில் இல்லாதபோதுதான் எனக்குக் கோபம் வரும். இன்றுவரை அப்படித்தான்.

"மிசின நீங்க பாருங்கக்கா. கணக்க நான் பாத்துக்கிறேன்."

"மிசினத்தான் புடுங்கிட்டாங்களே" என்று சொல்லிவிட்டு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இறங்கும்போது போர்டை என் மடியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை அதைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, வாசல் படியில் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஸ்கேலை வைத்து அளந்தேன். இடப்பக்க வரிசை இருக்க வேண்டியதைவிடக் குட்டை. சரி, ஏதோ குறைந்திருக்கிறது. வலப்பக்க வரிசையை அளந்தேன். அது நெட்டை. திரும்ப அளந்தேன். இடது குட்டை, வலது நெட்டை. வீட்டுக்குள்ளிருந்து என் அம்மா, "ஒரே பலகைய எத்தன வாட்டி அளப்ப, தஞ்சோங் ரம்புத்தானுக்கு பஸ் ஏறப் போறியா?" என்றார். மனநல மருத்துவமனை இருக்கிற ஊர் அது. எங்கள் பேராக் மாநிலத்தில் தலைக்குள் ஏதாவது கழன்றால் அந்த ஊருக்குத்தான் டிக்கெட் எடுப்பார்கள்.

பலகை நகர்ந்தால் இரண்டு வரிசையும் ஒரே பக்கமாக நகரும். எந்த மனுஷியின் கையாலும் ஒரு வரிசையைக் குட்டையாக்கி இன்னொன்றை நெட்டையாக்க முடியாது. அது அக்காவின் வேலையே இல்லை. அது புரிந்ததும் உடம்பெல்லாம் லேசாகிப்போனது. அடுத்த நிமிஷமே, அப்படியென்றால் வேறு யாருடையது என்ற கேள்வி வந்தது.

சுவர்க் காலண்டரில் பழைய தாளைக் கிழித்து அதன் பின்புறம் கணக்குப் போட்டேன். சாக்கெட்டின் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர். தௌவில் சொன்னால் தொண்ணூற்றெட்டும் அரைக்குக் கொஞ்சம் குறைவான சொச்சமும். நாடா நீளக்கூடாது என்பதற்காக நான் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். ஒவ்வொரு துளையின் இடத்தையும் தனித்தனியாகச் சொல்லாமல், 'முதல் துளையைப் போடு, பிறகு தொண்ணூற்றெட்டு தள்ளி முப்பத்தொரு தடவை போடு' என்று மிஷினிடம் சொல்வது. இதற்காக என்னை எல்லார் முன்னாலும் பாராட்டியிருந்தார்கள். ஒரு தடவை விட்ட சொச்சம் அரை தௌகூட இல்லை. முப்பத்தொரு தடவை விட்டால் பதிமூன்று தௌ. பிலிமில் மட்டும் ஒவ்வொரு பொட்டையும் பலகையின் மூலையிலிருந்து கணக்குப் போட்டிருந்தோம். அதனால் பொட்டு தன் இடத்தில் இருந்தது, துளை நடந்து நடந்து விலகிப் போனது.

இடது வரிசைக்கு விடை கிடைத்துவிட்டது. வலது ஏன் நீண்டது என்று மட்டும் தெரியவில்லை. இருந்தாலும் எழுந்து அக்கா வீட்டுக்குப் போனேன். மறுநாளைக்காக யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க தப்பு இல்லக்கா. என் புரோகிராம்தான்."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். என்னை ஏசுவார் என்று நினைத்தேன்.

"இங்க வந்து சொன்னா யாருக்கு லாபம்? நாளைக்கு அங்க சொல்லு" என்றார். பிறகு, "டீ போடவா?" என்று கேட்டார். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது.

திங்கட்கிழமை ஏழரைக்கெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். முதல் முறையாக ஒன்பதாயிரமாவது வரியைத் திறந்து பார்த்தேன். கிட்டத்து எண்ணை எடுக்கிற அகாக் அங்கே இல்லை. சொச்சத்தை வெட்டி எறிகிற கட்டளை ஒன்றுதான் இருந்தது. தொண்ணூற்றெட்டு சொச்சத்தை வெட்டினால் தொண்ணூற்றெட்டு. தலைகீழாகத் திருப்பிய வலது வரிசைக்கு மிஷின் எதிர்ப்பக்கமாக நகர வேண்டும், அதாவது மைனஸ் தொண்ணூற்றெட்டு சொச்சம். அதையும் போட்டுப் பார்த்தேன். திரையில் பச்சையாக மைனஸ் தொண்ணூற்றொன்பது என்று வந்தது. அந்தக் கட்டளை எப்போதும் கீழே இருக்கிற எண்ணுக்குத்தான் இறங்கும், மைனஸில் கீழே என்றால் தொண்ணூற்றொன்பது. ஒரு பக்கம் குறைந்தது, மறுபக்கம் கூடியது. "கிடைச்சிடுச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே நின்றவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

இன்ஜினியர் எட்டே காலுக்கு வந்தார். அவரைப் பிடித்து உலுக்காத குறையாக, "அகாக் என்றால் கிட்டத்தில் இருப்பதுதானே? நீங்கள் ஏன் வெட்டினீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்கள் வீட்டில் அகாக் என்றால் மிச்சத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்று அர்த்தம்" என்றார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

பழியைத் தூக்கி அவர் தலையில் போட எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. ஆனால் தாளில் போட்டுப் பார்த்தால், என் அகாக்கை வைத்திருந்தாலும் தொண்ணூற்றெட்டேதான் வந்திருக்கும். அதே சொச்சத்தை முப்பத்தொரு தடவை தூக்கி எறிந்தது என் குறுக்குவழி. அவர் வெட்டியது வலது வரிசையை இன்னும் கெடுத்தது, அவ்வளவுதான். இதை அவரிடம் சொன்னேன். "இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம்" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை இரண்டு மடங்கானது.

ஒன்றரை மணி நேரம் இருந்தது. குறுக்குவழியை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு துளையையும் முதல் துளையிலிருந்து சொச்சத்தோடு கணக்குப் போட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை கிட்டத்து எண்ணுக்குக் கொண்டுவரும்படி எழுதினேன். நாடா பாம்பு மாதிரி நீண்டுகொண்டே போனது. ஒன்பதே முக்காலுக்கு அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மிஷினுக்கு ஓடினேன். புதிதாக நிறுத்தியிருந்த பெண்ணிடம் கொடுக்காமல் பேக்கிங்கிலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன். சூப்பர்வைசர் குறுக்கே வந்து நின்றார்.

"விசாரணை முடியாம இவங்க மிசின தொடக்கூடாது."

"அண்ணே, இவங்க கையில ஓடி சரியா வந்தாத்தான் விசாரணையே முடியும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அக்கா பலகையை அடுக்கினார், பின்களை இறுக்கினார், விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். மிஷின் ஓடி முடிந்ததும் நான், அக்கா, இன்ஜினியர் மூன்று பேரும் போர்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனோம். சாக்கெட்டை அழுத்த என்னை விடவில்லை. அக்காவே இடது பக்கத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். முப்பத்திரண்டு கால்களும் ஒன்றாக உள்ளே போயின. வலது பக்கம் வைத்தார். அதுவும் போனது. மேனேஜர் சொல்லாமலேயே நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"வியாழக்கிழமை புரோகிராம் ஓகே என்று நான் சொன்னது தப்பு. பார்க்காமல் சொன்னேன்" என்றேன். "நானும்தான்" என்றார் இன்ஜினியர். மேனேஜர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு, சின்னத் தப்புதான், கடிதத்தை மறந்துவிடுங்கள், மிஷினுக்குப் போகலாம் என்று அக்காவிடம் மலாயில் சொன்னார்.

அக்கா நகரவில்லை. லெட்டர் கொடுத்துக் கூப்பிட்டீர்கள், லெட்டர் கொடுத்து அனுப்புங்கள் என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். என் பக்கம் திரும்பித் தமிழில், "சின்னத் தப்புன்னு போட வேணாம்னு சொல்லு. எவ்வளவுன்னு போடச் சொல்லு" என்றார்.

டைப்பிஸ்ட் வந்தார். எண்களை நான்தான் சொன்னேன். துளை மிஷின் ஓட்டியவர் பேரில் குற்றம் இல்லை, புரோகிராமில் பிழை, இடது வரிசையில் பதிமூன்று தௌ குறைவு, வலது வரிசையில் பதினேழு தௌ அதிகம். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அக்கா மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மிஷினுக்குப் போனார். அன்று பகல் முழுக்க அந்த மிஷின் போட்ட இரைச்சல் எனக்குப் பாட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது.

சாயந்திரம் பஸ்ஸில் அக்கா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். கடிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பதினேழில் நிறுத்தினார்.

"சரியா பதினேழா, பதினேழு சொச்சமா?"

"சொச்சம் இருக்குக்கா."

"எவ்வளவு சொச்சம்?"

"முக்காலுக்கு மேல."

"அப்ப பதினெட்டுன்னுல்ல போட்டிருக்கணும்? ஏன் வெட்டுன?"

அக்கா சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நாளைக்கே திருத்தி அடித்து வாங்கித் தருகிறேன் என்று கடிதத்தை என் பையில் வைக்கப் போனேன். அக்கா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"வேணாம் லா. இது இப்படியே இருக்கட்டும். மறுபடியும் என்னைக்காச்சும் பாக்காம ஓகேன்னு சொல்லுவல்ல, அன்னைக்கு எடுத்துக் காட்டுறேன்."

அதற்குப் பிறகு நாங்கள் ஆறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். இரண்டு தடவை எடுத்துக் காட்டினார்.